தகட்டிலே ஒரு மயிர்வெடிப்பு

சைக்கிளின் முன் மட்காட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத நேரும் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. பௌதிகம் கற்பிக்கும் ஒருவன் தன் கவனக்குறைவைத் தானே பத்திரிகையில் எடுத்துரைப்பது அத்துணை இனிமையான காரியமுமன்று. ஆயினும், பிறருக்குப் பயன்படுமாயின் ஆசிரியனின் பிழையும் ஒரு பாடமே. ஆதலால் வாசகர் பொறுத்தருள்க.

சில வருடங்களுக்கு முன், கல்லூரி விட்டு நான் வண்டியை எடுக்கும் வேளையில் பத்தாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் அருகில் வந்தான். "சேர், உங்கட மட்காட்டிலை வெடிப்பொண்டு கிடக்குது, ஆணியடியிலை, நகத்தளவு" என்றான். குனிந்து பார்த்தேன். தாங்கு கம்பியை மட்காட்டுடன் பிணைத்திருந்த தறையாணியின் துளையிலிருந்து மயிரிழைபோல ஒரு கோடு புறப்பட்டிருந்தது. "அது ஒண்டும் செய்யாது, தம்பி" என்று கூறிவிட்டு ஏறிப் போய்விட்டேன். மூன்று வாரம் சென்றிருக்கும். அதே மாணாக்கன் மறுபடியும் வந்தான். "சேர், அண்டைக்கு நகத்தளவுதான் இருந்தது. இப்ப இரண்டு விரற்கடை" என்றான். எனக்கோ பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடிக்கும் அவசரம். "சனிக்கிழமை பாப்பம்" என்றேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னதாகவே, ஏழு வயது மகளை முன் பாரில் இருத்தி வந்துகொண்டிருந்த வேளையில், மட்காட் அவ்விடத்தில் முறிந்து முன்சில்லுக்குள் மடிந்து சிக்கிக்கொண்டது. சில்லு நின்றது; நாங்கள் நிற்கவில்லை. எனக்கு முழங்கையில் உராய்வு. குழந்தைக்கு நாடியில் மூன்று தையல். பின்னால் ஒரு பஸ் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நானும் மனைவியும் இன்றுவரை வாய்விட்டுப் பேசியதில்லை.

முறிந்த துண்டைப் பின்னர் கைவில்லையின் கீழ் வைத்துப் பார்த்தேன். முறிந்த விளிம்பின் பெரும்பகுதி துருவேறி மங்கியிருந்தது. எஞ்சிய சிறு பகுதி மாத்திரமே புதிதாய் மினுங்கியது. அதாவது, விபத்து நிகழ்ந்த அன்று முறிந்தது அந்தச் சிறு பகுதியே. மற்றையது பல கிழமைகளாக, நான் கல்லூரிக்குப் போய்வந்த ஒவ்வொரு நாளும், சிறிது சிறிதாக முறிந்துகொண்டேயிருந்தது. அந்த மாணாக்கன் இரண்டாம் முறை வந்து சொன்னது வெடிப்பு இருக்கிறது என்பதையன்று. வெடிப்பு வளர்கிறது என்பதை. பௌதிக ஆசிரியனாகிய நான் அந்த வேற்றுமையைச் செவியில் வாங்கவில்லை. அவ்வேற்றுமையைப் பற்றியதே இவ்வாரக் கட்டுரை.

உலோகமும் களைக்குமா?

ஒரு கம்பித் துண்டைக் கையால் இழுத்து அறுத்துவிட முடியாது. அதனையே முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் அறுந்து கையோடு வருகிறது. இது சிறுபிள்ளையும் அறிந்த விடயம். ஆனால் கண்ணுக்கு வளைவே தெரியாத அளவுக்குச் சிறிய விசையும், பல்லாயிரம் முறை ஏறியிறங்குமானால், அதே வேலையைச் செய்து முடிக்கிறது என்பதை உலகம் அறிந்துகொள்ள நெடுங்காலம் சென்றது. "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்று நம்மவர் கூறுவர். உலோகத்தில் நிகழ்வது ஏறக்குறைய அதுவே. இதனைப் பொறியியலாளர் உலோகக் களைப்பு என்று வழங்குவர். பெயர் முற்றும் பொருத்தமானதன்று. களைத்த மனிதன் சற்று இளைப்பாறினால் தெம்பு பெறுகிறான். களைத்த தகட்டை ஒரு மாதம் சும்மா வைத்திருந்தாலும் அதன் வெடிப்புப் பொருந்திவிடுவதில்லை.

1842 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆந் திகதி, பிரான்சு தேசத்தில் வேர்சாயிலிருந்து பாரிஸ் நகருக்குத் திரும்பிய புகையிரதமொன்றின் முன் எஞ்சினுடைய அச்சு முறிந்தது. பின்னே வந்த பெட்டிகள் ஒன்றன்மேலொன்று ஏறித் தீப்பற்றின. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நல்ல இரும்பினாற் செய்த அச்சு, வழக்கமான சுமையின் கீழ் ஏன் முறிந்தது என்ற வினா அன்று தொடங்கி ஐரோப்பாவின் பொறியியலாளரை வருத்தியது. பிரஷ்யாவின் இரும்புப்பாதைப் பொறியியலாளரான ஓகஸ்ற் வோலர் என்பவர், அவ்வினாவுக்கு விடை காண 1850 களிலும் 1860 களிலும் பல வருடங்களைச் செலவிட்டார். அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சுமையேற்றிச் சுற்றுகளை எண்ணினார். ஒரே முறையில் முறிப்பதற்கு வேண்டிய சுமையிலும் மிகக் குறைந்த சுமை, திரும்பத் திரும்ப ஏறியிறங்கினால் உலோகத்தை முறித்துவிடும் என்பதை எண்களால் நிறுவினார்.

உள்ளே நடப்பது யாது என்பதை 1903 ஆம் ஆண்டில் யூவிங், ஹம்பிரி என்னும் இருவர் நுணுக்குக்காட்டியினூடாகக் கண்டனர். மெருகூட்டிய சுவீடன் தேச இரும்பின் முகத்திலே, சுமை ஏறியிறங்க ஏறியிறங்க மெல்லிய கோடுகள் தோன்றின. உலோகத்தின் பளிங்குமணிகளுக்குள் படைகள் ஒன்றன்மேலொன்று வழுக்கியதன் அடையாளங்கள் அவை. நாளடைவில் அக்கோடுகள் அகன்று கறுத்தன. அவற்றுட் சில வெடிப்புகளாயின. ஆகவே களைப்பு என்பது உலோகம் முழுவதிலும் பரவிய சோர்வன்று. ஓரிடத்திலே பிறந்து, ஒவ்வொரு சுமைக்கும் ஓரணு முன்னேறும் வெடிப்பின் கதையே அது.

நீர்த் தொட்டியில் ஒரு விமானம்

இக்கதையின் மிகத் துயரமான அத்தியாயம் மெல்லிய தகட்டைப் பற்றியது. உலகின் முதலாவது ஜெற் பிரயாணிகள் விமானமாகிய கொமெற், 1952 ஆம் ஆண்டு மே மாதத்திற் சேவைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே அது கொழும்புக்கும் பறந்து வந்தது. உயரத்திலே காற்று ஐதாகையால், விமானத்தின் உட்புறத்தில் அமுக்கமூட்டிய காற்றை நிரப்ப வேண்டும். ஆதலால் ஒவ்வொரு பறப்பிலும் விமானத்தின் உடல் பலூனைப்போல ஒருமுறை சிறிது உப்பி மறுபடியும் தணிகிறது. ஒரு பறப்பு, ஓர் உப்பல். அவ்வுடலின் தகடோ ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புடையது.

1954 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆந் திகதி, ரோமாபுரியிலிருந்து புறப்பட்ட கொமெற் ஒன்று எல்பாத் தீவுக்கு அருகே நடுவானில் உடைந்து கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 35 பேரும் இறந்தனர். ஏப்ரல் 8 ஆந் திகதி இன்னொன்று நேப்பிள்ஸ் நகருக்கு அண்மையிற் கடலில் வீழ்ந்தது. அதிற் சென்ற 21 பேரும் இறந்தனர். விமானங்கள் யாவும் தரையில் நிறுத்தப்பட்டன. இங்கிலாந்தின் பார்ன்பரோவில் சேர் ஆர்னல்ட் ஹோல் என்பாரின் தலைமையில் இயங்கிய அரச ஆராய்ச்சி நிலையம், முழு விமானம் ஒன்றையே பெரிய தொட்டியினுள் வைத்து, உள்ளும் புறமும் நீர் நிரப்பியது. சிறகுகள் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே நீரின் அமுக்கத்தை ஏற்றி இறக்கினர். ஒவ்வொரு ஏற்றமும் ஒரு பறப்புக்குச் சமம். காற்றுக்குப் பதிலாக நீரைப் பயன்படுத்தியதற்குக் காரணமுண்டு. அமுக்கிய காற்று, தகடு கிழிந்ததும் குண்டுபோல வெடித்து யாவற்றையும் சிதறடிக்கும். நீரோ வெடிப்பின் தொடக்கத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

அந்த விமானம் முன்னரே 1221 முறை உண்மையாகப் பறந்திருந்தது. தொட்டியில் மேலும் 1836 முறை "பறந்தது". மொத்தம் 3057 ஆனதும் யன்னற் திறப்பொன்றின் மூலையிலிருந்து உடல் கிழிந்தது. பின்னர், எல்பாவுக்கு அருகே கடலடியிலிருந்து எடுத்த துண்டுகளிலும் கூரைத் திறப்பொன்றின் மூலைப் பக்கத்தில் அதே களைப்பின் தடம் காணப்பட்டது.

இங்கே பரிசோதனை செய்வோர் யாவரும் மனத்தில் இருத்தவேண்டிய ஒரு செய்தி உண்டு. விமானத்தைச் செய்தவர்கள் சோம்பியிருந்தவர்களல்லர். அவர்களும் உடலின் ஒரு பகுதியை எடுத்துப் பரிசோதித்திருந்தனர். அது ஏறக்குறைய 18000 உப்பல்களைத் தாங்கியது. அப்படியாயின் உண்மையான விமானம் ஏன் அவ்வளவு விரைவில் உடைந்தது? அந்தப் பரிசோதனைத் துண்டு, களைப்புச் சோதனைக்கு முன்பாகவே பலத்தைப் பார்க்கும்பொருட்டு வழக்கமான அமுக்கத்தின் ஏறக்குறைய இரு மடங்குக்கு ஊதப்பட்டிருந்தது. அப்பெருஞ்சுமை மூலைகளிலிருந்த உலோகத்தைச் சற்று நீட்டிவிட்டது. சுமை நீங்கியதும் சுற்றியிருந்த உலோகம் அவ்விடத்தை இறுகப் பிடித்து அமுக்கிக்கொண்டது. அமுக்கத்தின் கீழுள்ள இடத்தில் வெடிப்பு எளிதில் பிறவாது. பிறந்தாலும் விரைந்து வளராது. நன்மை செய்வதாக எண்ணிச் செய்த முதற் சோதனை இரண்டாம் சோதனையைப் பொய்யாக்கிவிட்டது. சோதனைத் துண்டு உண்மைப் பொருளைப்போல வாழவில்லையாயின், அது சொல்லும் எண்ணும் உண்மையாகாது.

வெடிப்பின் வேகத்தை அளத்தல்

கொமெற்றின் தொட்டி, "எத்தனையாவது சுமையில் உடையும்?" என்ற வினாவுக்கு விடை சொன்னது. ஆயினும் பொறியியலாளருக்கு அதனிலும் பயனுள்ள வினா வேறொன்று உண்டு: "வெடிப்பு ஒன்று ஏற்கனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒவ்வொரு சுமைக்கும் எவ்வளவு முன்னேறும்?" இவ்விரண்டாம் வினாவுக்கு விடை தெரிந்தால், "இத்தனை பறப்புக்கு ஒருமுறை பார்த்தாற் போதும், அதற்குள் வெடிப்பு ஆபத்தான நீளத்தை எட்டாது" என்று சொல்லலாம்.

இதற்கான பரிசோதனை மிக மெல்லிய தகடுகளிலே எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பார்ப்போம். மெல்லியது என்றால், ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கிலும் குறைந்த தடிப்புள்ள உலோகத் தாள். சமையலறையில் உணவைச் சுற்றும் அலுமினியத் தாள் அதனிலும் பன்மடங்கு மெல்லியது. காற்றமுக்கத்தை அளக்கும் திரவமில் பாரமானியின் நெளிந்த பெட்டியும், குழாய்களிலே பொருத்தும் துருத்திபோன்ற மடிப்புறைகளும், இக்காலத்து மின்னணுக் கருவிகளிலே மடங்கி நிமிரும் செப்புத் தாள்களும் இவ்வினத்தவை. அத்தகைய செப்புத் தாளின் தடிப்பு 0.035 மில்லிமீற்றராகவோ அதிலும் பாதியாகவோ இருப்பதுண்டு. ஆனால் அது திறந்து மூடப்படும் ஒவ்வொரு தடவையும் வளைந்து நிமிர வேண்டும்.

முதலில் தாளிலிருந்து ஒரு பட்டையை வெட்டியெடுப்பர். கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு பிசிறுபடும். ஒவ்வொரு பிசிறிலிருந்தும் வேண்டாத வெடிப்புப் புறப்படும். ஆகவே மின்பொறியாலோ லேசர்க் கதிராலோ வெட்டி விளிம்புகளை மெருகூட்டுவர். பட்டையின் நடுவிலோ ஓரத்திலோ நுண்ணிய கீற்று ஒன்றை வேண்டுமென்றே இடுவர். எங்கே வெடிக்கும் என்று காத்திருப்பதற்குப் பதிலாக, இங்கேதான் வெடிக்கவேண்டும் என்று விதித்துவிடுவது இம்முறை.

அடுத்தது பிடித்தல். தடித்த கோலாயின் இரும்புத் தாடைகளால் இறுகப் பற்றலாம். மெல்லிய தாளை அவ்வாறு பற்றினால் தாடையின் பல்லே அதனைக் கிழித்துவிடும். தளர்த்திப் பிடித்தாலோ வழுகிவிடும். அதனால் இரு முனைகளிலும் தடித்த தகட்டுத் துண்டுகளை ஒட்டி அவற்றைப் பற்றுவர். பிடி மயிரளவு கோணினாலும் பட்டையில் சுருக்கம் விழும், ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளரும், அளவு பயனற்றதாகும். நேராகக் கட்டுவதிலேயே பாதி நாள் கழிந்துபோவதும் உண்டு.

பின்னர் சுமையேற்றம். தாளை இழுக்கலாம், தள்ள முடியாது. நாடா ஒன்றை இரு முனைகளிலும் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். அது நெளிந்து வளையும். ஆதலால் இழுவை ஒருபோதும் பூச்சியத்துக்கு இறங்காதபடி, உச்சச் சுமைக்கும் அதில் பத்தில் ஒரு பங்கு போன்ற சிறு சுமைக்கும் இடையே ஏற்றி இறக்குவர். இதிலும் ஒரு வியப்பு உண்டு. பட்டை முழுவதும் இழுக்கப்பட்டிருந்தும், வெடிப்பின் இரு உதடுகளை ஒட்டிய பகுதி மாத்திரம் வெடிப்பின் நீளப்போக்கிலே அமுக்கப்படுகிறது. எனவே அவ்வுதடுகள் வெளியே பிதுங்கிப் படபடக்கும். அதைத் தடுக்க, வழவழப்பான இரு பலகைகளுக்கிடையே பட்டையை மெல்லப் பொதிந்து, நடுவே வெடிப்பைப் பார்க்கச் சிறு யன்னல் ஒன்று விடுவர். உராய்வு அளவைக் கெடுக்காமலிருக்கச் சிறிது எண்ணெயும் இடுவதுண்டு.

இயந்திரம் ஓடத் தொடங்குகிறது. ஒரு செக்கனுக்கு 10 முறை சுமை ஏறியிறங்குவதாகக் கொள்வோம். 10 இலட்சம் முறை முடிவதற்கு ஏறக்குறைய 28 மணி நேரம் வேண்டும். இரவும் பகலும் அது ஓட, நகரும் நுணுக்குக்காட்டியினால் வெடிப்பு நுனியை இடையிடையே நோக்கி, "இத்தனையாவது சுமையில் இவ்வளவு நீளம்" என்று குறித்துக்கொள்வர். வேறொரு முறையும் உண்டு. பட்டையினூடாக மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தினால், வெடிப்பு நீள நீள மின் செல்லும் வழி ஒடுங்கும். வெடிப்பின் இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசம் கூடும். அந்தக் கூடுதலிலிருந்து வெடிப்பின் நீளத்தைக் கணக்கிடலாம். கண் சோர்ந்தாலும் மின்மானி சோராது.

தடித்த உலோகத்திற் செய்த சோதனையின் விடையையே மெல்லிய தாளுக்கும் எடுத்துக்கொண்டால் என்ன என்று சிலர் வினவலாம். அது பொருந்தாது. தடித்த தகட்டின் குறுக்கே பளிங்குமணிகள் ஏராளம் அடுக்கியிருக்கும், மிக மெல்லிய தாளின் குறுக்கே சில மணிகளே இருக்கும், சிலவேளை ஒன்றேதான். பல மணிகளைக் கடக்கும் வெடிப்பு அவற்றின் சராசரிக் குணத்தையே காணும். ஒரு மணியைக் கடக்கும் வெடிப்போ அந்த ஒரு மணியின் குணத்துக்குப் பணியவேண்டும். ஓரிடத்தில் திரும்பும், ஓரிடத்தில் தயங்கும், ஓரிடத்தில் விரையும். ஆகையால் ஒரே தாளிலிருந்து வெட்டிய இரு பட்டைகள் இருவேறு விடை தரக்கூடும். ஒரு பட்டையைச் சோதித்துத் தீர்ப்புக் கூறுவது, ஒரு மாணாக்கனின் விடைத்தாளைப் பார்த்து வகுப்பு முழுவதற்கும் புள்ளியிடுவது போலாகும்.

மற்றொரு காரணம் வெடிப்பு நுனியைப் பற்றியது. தடித்த தகட்டினுள்ளே, நுனியிலுள்ள உலோகம் நாற்புறமும் நெருக்குண்டு அசைய இடமின்றிக் கிடக்கிறது. மெல்லிய தாளிலோ அது தடிப்புப் பக்கமாகச் சுருங்குவதற்குத் தாராளமாக இடமுண்டு. ஆகையால் நுனியைச் சுற்றி அதிக உலோகம் நீண்டு நெகிழ்கிறது. வெடிப்பு முன்னேறிச் சென்றபின், அந்த நீண்ட உலோகம் உதடுகளிலே எஞ்சி நிற்பதால், சுமை முற்றும் இறங்குமுன்னரே உதடுகள் ஒன்றோடொன்று முட்டி மூடிக்கொள்கின்றன. மூடிய வெடிப்பு வளராது. திறந்திருக்கும் வேளையிலே மாத்திரமே வளரும். இதனை அலுமினியத் தகடுகளில் அளந்து, 1970 ஆம் ஆண்டில் வூல்ப் எல்பர் என்பவர் வெளியிட்டார்.

எட்டு மடங்கு விரைவு

இத்தகைய அளவுகளிலெல்லாம் மறைந்திருந்த ஒழுங்கை அமெரிக்கப் பொறியியலாளரான போல் பாரிஸ் என்பவர் கண்டார். வெடிப்பு நுனியிலே ஒவ்வொரு சுமையும் உண்டாக்கும் தகைப்பின் வீச்சை ஓர் எண்ணாக எழுதினால், வெடிப்பின் வேகம் அந்த எண்ணின் ஒரு அடுக்குக்கு விகிதசமமாக அமைகிறது என்பதே அவர் கண்ட விதி. முன்னணிப் பொறியியற் சஞ்சிகைகள் மூன்று அக்கட்டுரையை ஏற்க மறுத்தன. ஈற்றில் 1961 ஆம் ஆண்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சிறு சஞ்சிகை ஒன்றில் அது வெளியாயிற்று. பின்னாளில் உலகெங்கும் விமானங்களைப் பார்வையிடும் கால எல்லைகள் அவ்விதியின் துணைகொண்டு கணிக்கப்படலாயின.

விதியின் பயனை ஒரு கணக்காற் காட்டலாம். பல உலோகங்களுக்கு அந்த அடுக்கு 2 க்கும் 4 க்கும் இடையில் அமையும். 3 என்று கொள்வோம். அகன்ற தகட்டிலே, சுமை மாறாதிருக்கையில், நுனியின் தகைப்பு வீச்சு வெடிப்பு நீளத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். வெடிப்பின் நீளம் 4 மடங்கானால் வீச்சு 2 மடங்கு. வேகமோ 2 இன் மூன்றாம் அடுக்காகிய 8 மடங்கு. நகத்தளவாயிருந்தபோது தவழ்ந்த வெடிப்பு, விரற்கடைகளாகும்போது ஓடத் தொடங்கும். முதற் பகுதி வளர்வதற்கு எடுத்த காலத்தை வைத்து அடுத்த பகுதிக்கும் அவ்வளவு காலம் உண்டு என்று எண்ணுவது பெரும் பிழை. "சனிக்கிழமை பார்ப்போம்" என்று நான் செய்த பிழையும் அதுவே.

இந்த அறிவு எச்சரிப்பதோடு நின்றுவிடவில்லை. புதிய பொருளையும் தந்திருக்கிறது. ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்களவான மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே கண்ணாடி நாரை வைத்து ஒட்டினால், தகட்டிலே வெடிப்புத் தோன்றினாலும் முறியாத நார்கள் அதன் இருகரைகளையும் பிடித்துக்கொள்கின்றன. நுனியிற் சுமை குறைகிறது. வெடிப்பின் நடை தளர்கிறது. 2007 ஆம் ஆண்டிற் சேவைக்கு வந்த எயார்பஸ் ஏ-380 என்னும் இரட்டைத் தட்டு விமானத்தின் மேலுடலிற் பல பகுதிகள் இவ்வகைப் பொருளால் ஆனவை. வெடிப்பே வராத உலோகத்தைத் தேடி அலைவதைவிட, வந்த வெடிப்பை மெல்ல நடக்கச் செய்வது விவேகம் என்பதை அது காட்டுகிறது.

கண்டவர் சொல்லவில்லை

இனி ஒரு செய்தியோடு முடிக்கிறேன். 1988 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 ஆந் திகதி, ஹவாய்த் தீவுகளில் ஹீலோவிலிருந்து ஹொனலூலு நோக்கி அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று சென்றது. தீவுக்குத் தீவு குறும்பறப்புச் செய்து செய்து அது 89680 பறப்புகளை முடித்திருந்தது. 24000 அடி உயரத்தில், அதன் முன்னுடலின் கூரை 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து காற்றோடு போயிற்று. தகடுகள் ஒன்றன்மேலொன்று பொருந்திய மூட்டிலே, தறையாணித் துளைதோறும் சிறுசிறு வெடிப்புகள் வளர்ந்து, ஈற்றில் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. தகட்டின் தடிப்பு ஏறக்குறைய 0.9 மில்லிமீற்றர். பணிப்பெண் ஒருவர் வானில் வீசப்பட்டு உயிரிழந்தார். திறந்த கூரையோடு விமானிகள் அதனை மௌய்த் தீவில் இறக்கி, எஞ்சிய 94 பேரின் உயிரைக் காத்தது அரிய செயல்.

பின்னர் நடந்த விசாரணையில், பிரயாணி ஒருவர் ஒரு செய்தியைக் கூறினார். விமானத்தில் ஏறும்போதே உடலிலே நீளமான வெடிப்பு ஒன்றைத் தாம் கண்டதாகவும், அதனை எவரிடமும் சொல்லவில்லை என்றும் அவர் தெரிவித்தார். அவரை நாம் குறைகூற முடியுமா? அறிந்தவர்கள் பார்த்திருப்பார்கள், நான் சொன்னால் நகைப்பார்கள் என்று எண்ணியிருக்கலாம். எண்ணிப் பார்த்தால், எனது மாணாக்கன் அந்தப் பிரயாணியிலும் துணிந்தவன். அவன் கண்டதைச் சொன்னான். ஒருமுறை தட்டிக்கழித்த பின்னரும் மறுமுறை வந்து சொன்னான். குறை கேட்டவனிடத்திலேயே இருந்தது. சிறியவர் சொல்வதை நாம் எவ்வாறு கேட்கிறோமோ, அதைப் பொறுத்தே அடுத்தமுறை அவர்கள் வாய்திறப்பதும் திறவாதிருப்பதும் அமையும்.

விபத்துக்குப் பின்னர் எமது ஆய்வுகூடக் கதவருகே ஒரு கொப்பியை நூலிற் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வாங்கு, தாங்கி, மின்விசிறி, கதவுப் பிணைச்சல் எதிலேனும் வெடிப்புக் கண்டவர் இடத்தையும் திகதியையும் நீளத்தையும் எழுதவேண்டும். ஒரு கிழமை கழித்து மறுபடியும் அளந்து எழுதவேண்டும். முதலாம் அளவு ஒரு செய்தி. இரண்டாம் அளவே எச்சரிக்கை. வீட்டிலும் அவ்வாறே செய்யலாம். பிள்ளை ஏறும் சைக்கிளின் மட்காட், தலைக்கு மேலே சுழலும் விசிறியின் தாங்கி, நாளெல்லாம் அதிரும் தையல் இயந்திரத்தின் பாதம் ஆகியவற்றைத் துடைக்கும் வேளையில், ஆணித் துளைகளின் ஓரத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். கோடு ஒன்று தெரிந்தால், அதன் நுனியிலே பென்சிலால் ஒரு புள்ளியிட்டுத் திகதியை எழுதுங்கள். அடுத்த ஞாயிறு கோடு புள்ளியைத் தாண்டியிருந்தால், மறு ஞாயிறுவரை காத்திராதீர்கள்.

யாராவது ஒரு சிறுவன் வந்து, "அண்டைக்கு இவ்வளவு, இப்ப இவ்வளவு" என்று சொன்னால், கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள்.